அனுப்பாத வசனம்

எமரென்சியாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது செய்தி அனுப்பினால், அனுப்பிய கையோடு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு மனதுக்குள் நூறு வரை எண்ணுவாள். முப்பதிலேயே பதில் வந்து போன் அதிர்ந்தாலும் மீதி எழுபதையும் எண்ணி முடித்த பிறகுதான் எடுப்பாள். ப்ளஸ் டூ முடித்த வருடம் முதல் போன் கைக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். பதிலுக்காகக் காத்துக் கிடக்கிறவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம். "வீட்டுக்குள்ள உக்காந்து எண்ணுறவள யாரு வந்து பாக்கப் போறா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். எமி எண்ணுவதை நிறுத்தவில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் அக்காள்மடத்து இளைஞர்களோடு உறவை வளர்க்கிற பொறுப்பைக் கோயில் ஒப்படைத்தது.

அக்காள்மடம் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, ராமேஸ்வரம் போகிற பெரிய ரோட்டின் இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கிற ஊர். யாத்திரை பஸ்கள் அதைக் கடக்கிற நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் பாலத்தில் எடுத்த படங்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். வெளியே யாரும் பார்ப்பதில்லை. எமியின் அய்யாவுக்கு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலை. அவர் வீட்டிலும் சரி, அம்மா வீட்டிலும் சரி, காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள் எமி. மூன்று வருடம் ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தாள். முடித்த பிறகு தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். "இதுக்கா அம்புட்டுத் தூரம் போய்ப் படிச்ச?" என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளுக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

2021இல் பங்குச் சாமியாராக ஃபாதர் தர்மராஜ் வந்தார். கொரோனாவில் கோயில் பூட்டிக் கிடந்து அப்போதுதான் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இளையோர் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. ஃபாதர் எமியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுதானம்மா? இளைஞர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்த முடியாதா?"

"ஃபாதர், நான் படிச்சது சி ப்ளஸ் ப்ளஸ்."

"எல்லாம் ஒண்ணுதான்."

இப்படியாக எமியின் பட்டத்துக்கு முதல் வேலை கிடைத்தது. சம்பளம் இல்லை என்பதைத் தவிர குறை ஒன்றுமில்லை.

குரூப்புக்குக் 'கடலோர இளையோர்' என்று பெயர் வைத்தாள். ஒரே மாதத்தில் நூற்று நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் பெண்பிள்ளைகள், மீதி இரண்டு பேரில் ஒருவன் தூங்கினான். ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். திங்கள், புதன், சனி காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் விடிந்துதான் கரை. ஞாயிற்றுக்கிழமை கரையேறினால் அவர்களுக்குத் தெரிவதெல்லாம் பாய் மட்டும்தான்.

எமி தினமும் காலை நாலரை மணிக்குக் குரூப்பில் ஒரு பைபிள் வசனம் போடுவாள். பின்னணியில் சூரிய உதயம், ஓரத்தில் ஒரு புறா. நாலரை மணி எதற்கென்றால், அய்யா ஐஸ் கம்பெனிக்குக் கிளம்புகிற சத்தத்தில் வீடே விழித்துவிடும். அவ்வளவுதான் காரணம். இந்த நாலரை மணிக்குப் பிற்காலத்தில் மேடையேறி வேறு பெரிய காரணங்களெல்லாம் சொல்ல வேண்டி வந்தது.

வசனத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை. எப்போதாவது ஒரு கும்பிட்ட கை வரும். ஒருமுறை ரீகன் என்கிற பையன் கண்ணீர் வரச் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டுவிட்டு, அடுத்த நிமிடமே "கை தவறிருச்சுக்கா" என்று எழுதினான். ரீகனுக்கு இருபத்திரண்டு வயது, படகுக் கூலி. அப்பா இல்லை. பின் தெருவில் இருக்கிற ஜெபமாலைக்கு ஒரே மகன். நாலு மாதத்தில் குரூப்பில் நடந்த ஒரே உரையாடல் இதுதான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணிக்கு ஜெபமாலை வாசலில் வந்து நின்றாள்.

"ஏத்தா எமி, இன்னிக்கு வசனம் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அத்தை."

"நம்ம ரீகனுக்குப் போயிருச்சா?"

எமி போனை எடுத்தாள். குரூப்பில் செய்தி போட்டவர் அதை விரலால் அழுத்திப் பிடித்தால், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் யார் படித்தார்கள் என்று பெயரோடும் நேரத்தோடும் ஒரு பட்டியல் வரும். போட்டவருக்கு மட்டும்தான் வரும். எமி பட்டியலைத் தள்ளிப் பார்த்தாள்.

"போயிருச்சு அத்தை. அஞ்சே முக்காலுக்கு."

ஜெபமாலை நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். எமிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மகனுக்கு இறைவார்த்தை போய்ச் சேர்ந்ததா என்று விடிந்ததும் விடியாததுமாகக் கவலைப்படுகிறாள். பட்டம் வாங்கிய நாளில்கூட எமிக்கு இப்படி மனம் நிறைந்ததில்லை.

வியாழக்கிழமை மூன்று பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர். பிறகு வாசலுக்கு வருவதை விட்டுவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுக்கத் தொடங்கினார்கள்: "எமி, என் பெரியவனுக்கு?" "எமி, எங்க வீட்டு ஆளுக்கு?" எமி பல் தேய்த்துக்கொண்டே பட்டியல் வாசித்தாள்.

ஃபாதரிடம் சொன்னாள். அவர் அடுத்த ஞாயிறு பூசையில் அதை அப்படியே பிரசங்கமாக வைத்தார். அக்காள்மடத்துத் தாய்மார்களின் விசுவாசத்தை உலகமே பார்த்துக் கற்க வேண்டும் என்றார். முக்காடு போட்ட தாய்மார்கள் வரிசையாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பணிவு என்று ஃபாதரும் எமியும் நினைத்தார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கோயில்களுக்கெல்லாம் மேலான மறைமாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எமி உண்மையைத்தான் எழுதினாள். செய்திகள் வாசிக்கப்படும் விகிதம்: தொண்ணூற்றேழு சதவீதம். பெற்றோர் ஈடுபாடு: மிக அதிகம். பல்சமய உறவு: பிற சமய இளைஞர்கள் மூவர் தாமாகவே ஆர்வத்துடன் இணைந்துள்ளனர்.

அந்த மூவரில் ஒருவனைப் பற்றி அவளுக்கு விளக்கியவன் தவ்ஃபீக். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன். எமி டேட்டா போடப் போயிருந்தாள்.

"என்னக்கா, எங்க மச்சான் உங்க குரூப்புல ஒழுங்கா இருக்காரா?"

"ரொம்ப ஒழுங்கா வசனம் படிக்கிறார்ப்பா. நானே ஆச்சரியப்பட்டேன்."

தவ்ஃபீக் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கல்லாவைத் தட்டினான். "வசனமா? எங்க உம்மாதான்க்கா அவரச் சேத்துவிடச் சொன்னாங்க. போட் டவர் எல்லைக்குள்ள வந்தாத்தான உங்க மெசேஜ் அவருக்குச் சேரும்? சேந்துட்டா போட் கரைக்கு வந்துட்டு இருக்குன்னு அர்த்தம். உங்க தெருவுல இது எல்லாருக்கும் தெரியுமே. உங்க குரூப்புல இருக்க மாரீஸ்வரன் வீட்டுக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் எமி. "தெரியாமலா?"

டேட்டா போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் ஜெபமாலை வீட்டுக்குப் போனாள். கோபமாகப் பேசத்தான் போனாள். ஜெபமாலை முற்றத்தில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டிலிருந்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க கேட்டது வசனத்தயா, போட்டயா?"

"போட்டத்தான்" என்றாள் ஜெபமாலை, சல்லடையை நிறுத்தாமல். "நீ என்ன நெனச்ச?"

"அப்ப நேரா அவனுக்கே ஒரு போன் போட்டுக் கேக்கலாம்ல? ஒங்ககிட்ட பட்டன் போன் இருக்குல்ல?"

சல்லடை நின்றது. "கடலுக்குப் போனவனக் கரையிலருந்து கூப்புடுவாகளாத்தா? வீட்ட விட்டுக் கெளம்புறவன முதுகுக்குப் பின்னால கூப்புட்டாலே ஆகாதே."

"போன்ல கூப்புடறது எப்படி அத்தை முதுகுக்குப் பின்னால ஆகும்?"

"கடலுக்குப் போறவன் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கும்? அங்கிட்டு. அப்ப நாம அவனுக்கு எந்தப் பக்கம்?"

மூன்று வருடப் படிப்பில் இதற்குப் பதில் எங்கும் வரவில்லை. எமி வேறு வழியில் வந்தாள். "அப்ப நான் வசனம் அனுப்புறேனே, அது மட்டும்?"

"அது கூப்புடுறதா? அது ஆண்டவர் வார்த்தை. அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. எங்கிட்டும் போகலாம்." பிறகு கருவாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவுகள நான் ஒருக்காக் கூப்புட்டேன். ரீகன் அப்பாவ. வரும்போது ஒரு பாக்கெட் சீனி வாங்கிட்டு வாங்கன்னு. ஆமான்னாக. போட்டு வந்துச்சு. அவுக வரல."

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எமி அதைத் தன்னோடு திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் வசனம் நாலரைக்குப் போனது. பட்டியல் மதிலைத் தாண்டியது. ஒரே ஒரு மாற்றம். முன்பு வசனத்தைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் எடுப்பாள். இப்போது இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. ஃபாதரிடம் எதுவும் சொல்லவில்லை. பிரசங்கம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்கச் சொல்ல முடியுமா? தான் செய்வது இளையோர் பணியா, துறைமுக வேலையா என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

தொண்ணூற்றேழு சதவீதம் என்கிற எண் இதற்குள் மறைமாவட்டத்தில் ஒரு சுற்று வந்துவிட்டது. 2023 கடைசியில் 'சமூக ஊடகம் வழியாக இளையோர் உறவு' என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். எமியை அனுபவப் பகிர்வுக்கு அழைத்தார்கள். மேடையில் நின்றபோது, ஏன் நாலரை மணி என்று ஒரு சிஸ்டர் கேட்டார். எமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்த நேரத்தில் மனித மனம் மிகவும் திறந்திருக்கும்" என்றாள். கைதட்டினார்கள். கீழே இறங்கி வந்தபோது காது சுட்டது. ஆனாலும், உள்ளதைச் சொல்வதென்றால், கைதட்டல் பிடித்துத்தான் இருந்தது.

பயிற்சி கொடுத்தவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டையும் காதில் கருவியுமாக இருந்தார். எமியைத் தனியே அழைத்துப் பேசினார்.

"பிரமாதம் சிஸ்டர். ஆனா நீங்க இன்னும் குரூப்புலயே இருக்கீங்க. குரூப்னா நூத்தி சொச்சம் பேர். சானலா மாத்துங்க. எல்லை கிடையாது. அப்புறம் நாலரைய விடுங்க, சாயங்காலம் ஏழு மணி. அப்பதான் எல்லாரும் போனைப் பாப்பாங்க."

"நான் சிஸ்டர் இல்ல சார்."

"பரவாயில்ல. மறைமாவட்ட ஊடக மையத்துக்கு ஒரு ஆள் தேடுறாங்க. உங்க சானல் ஆயிரத்தத் தாண்டட்டும், நானே உங்க பேரச் சொல்றேன்."

ஆள் தேவை என்கிற வார்த்தையை எமி பட்டம் வாங்கிய நாளிலிருந்து யாராவது சொல்லிக் கேட்டதில்லை. ஊர் திரும்பிய மறுநாளே சானல் தொடங்கினாள். குரூப்பை மூடினாள். 'அன்புள்ளங்களே, இனி நமது சந்திப்பு சானலில்' என்று கடைசிச் செய்தி. புறா இதிலும் இருந்தது.

சானல் ஓடியது. பாட்டு, படம், குட்டிக் காணொளிகள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், சானலில் போட்டிருந்த எமியின் நம்பருக்கே தினமும் இதயம் அனுப்பினார். மூன்றே வாரத்தில் ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு பேர்.

முதல் செவ்வாய்க்கிழமையே ஜெபமாலை வந்துவிட்டாள். எமி விளக்கிச் சொன்னாள். சானலில் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வரும். யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று வராது.

"பேரு காட்டாதா?"

"எண்ணிக்கை காட்டும் அத்தை."

"அதுல என் மவன் எத்தனாவது?"

எமி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஜெபமாலை திரும்பிப் போனாள்.

மற்ற வீடுகள் சமாளித்துக்கொண்டன. நல்ல போன் வைத்திருந்த பெண்கள் அவரவர் புருசனுக்கும் பிள்ளைக்கும் தாங்களே வசனம் அனுப்பத் தொடங்கினார்கள். வசனம் கிடைக்காதவர்கள் எமியின் பழைய வசனங்களையே தேதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். மூன்று வருடமாக எமி மன்றாடியும் நடக்காதது, அவள் கைவிட்ட வாரத்தில் நடந்தது: அக்காள்மடத்தில் வீட்டுக்கு வீடு அதிகாலையில் இறைவார்த்தை பரவியது.

ஜெபமாலைக்குத்தான் வழியில்லை. பட்டன் போனில் அதெல்லாம் வராது. அடுத்த வீட்டில் கேட்கலாம். ஆனால் கல்யாணமாகாத பையனுக்கு விடியற்காலையில் எந்த வீட்டுப் பெண் செய்தி அனுப்புவாள்? ஆண்டவர் வார்த்தையே ஆனாலும் தெருவுக்கு வேறு வார்த்தைகளும் தெரியுமே. அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் அவள் பஸ் ஏறி ராமேஸ்வரம் துறைமுகத்துக்குப் போய் நின்றாள். படகு கண்ணில் பட்டதும், மகன் பார்ப்பதற்குள் திரும்பிவிடுவாள். எமிக்கு இது தெரியும். ஊடக மையத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜெபமாலை பஸ்ஸுக்கு ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். 'மக்களோடு நெருங்கிய தொடர்பு' என்கிற வரியில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை. வாடைக்காற்று பலமாக இருந்தது. புதன்கிழமை போன படகுகள் ஏழு மணிக்குள் வந்துவிட்டன, ரீகன் போன படகைத் தவிர. எட்டரைக்கு ஜெபமாலை துறைமுகத்திலிருந்து திரும்பி நேராக எமி வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபமோ அழுகையோ இல்லை.

"ஒரு வசனம் போடுத்தா. அவனுக்கு மட்டும்."

எமி போனை எடுத்தாள். நூற்றுக்கணக்கான வசனங்கள் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் கண்ணில் படவில்லை. ஜெபமாலையின் கால்விரல்களில் துறைமுகத்துச் சேறு காய்ந்திருந்தது. எமி அதைப் பார்த்தாள். கட்டைவிரல் தானாக ஓடியது:

"எங்கன இருக்க லே? அத்தை இங்கன வந்து உக்காந்திருக்காங்க. இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

அனுப்பிவிட்டாள். ஒரு டிக் விழுந்தது. அப்போதுதான் என்ன அனுப்பினோம் என்று தெரிந்தது.

"வசனம்தான போட்ட?" என்றாள் ஜெபமாலை.

"ஆமாத்தை."

அழித்துவிடலாம்தான். ஆனால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒன்று போய் நிற்கும். அது இன்னும் மோசமாகப் பட்டது. வசனத்தை எடுத்து அதன் பின்னால் அனுப்பலாம். கூப்பிட்டதை அது கூப்பிடாததாக ஆக்கிவிடுமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த எமரென்சியா, போனில் கூப்பிடுவது எப்படி முதுகுக்குப் பின்னால் ஆகும் என்று கேட்ட அதே எமரென்சியா, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டாகிவிட்டது. அதுவும் அவன் அம்மா எதிரிலேயே, அவன் அம்மாவைச் சொல்லியே.

அன்று அவள் எண்ணவில்லை. போனைக் கவிழ்த்தும் வைக்கவில்லை. இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் அது மல்லாந்து கிடந்தது. வெளிச்சம் அணையும்போதெல்லாம் ஜெபமாலை எமியைப் பார்ப்பாள், எமி விரலால் தொடுவாள். ஒரு டிக். ஒரு டிக். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், ஆடை படிந்தது. இடையில் கோயம்புத்தூர்க்காரர் ஓர் இதயம் அனுப்பினார். ஜெபமாலை பாதி எழுந்து, "அதுவா?" என்றாள். "இல்ல அத்தை, இது வேற" என்றாள் எமி. தன் வாழ்நாளில் யாரையும் அவள் அப்படி வெறுத்ததில்லை.

பதினொன்று பத்துக்கு இரண்டு டிக் விழுந்தது. பிறகு அது நீலமானது. பிறகு பதில்.

"மிசின் மக்கர்க்கா. பாம்பன் போட்டு ஒண்ணு கட்டி இழுத்துட்டு வருது. டிவி டவர் கண்ணுக்குத் தெரியுது. நல்லா இருக்கோம்."

எமி சத்தமாக வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது: "நீங்க எழுதுனத அம்மாட்ட சொல்லிராதீங்க." அதை வாசிக்கவில்லை.

ஜெபமாலை எமியின் இரண்டு கன்னத்தையும் தடவித் தன் நெற்றியில் நெட்டி முறித்தாள். "ஆண்டவர் வார்த்தைத்தா. கட்டி இழுத்துட்டு வந்துருச்சு பாத்தியா?"

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. எமி அனுப்பிய வசனம், நின்றுபோன படகைக் கரைக்கு இழுத்து வந்தது. பாம்பன் படகுக்காரர்கள் ஏழு மணி நேரம் கயிறு கட்டி இழுத்தது கதையில் சிறிய இடத்தையே பிடித்தது. ஃபாதர் தர்மராஜ் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எமி சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

எமி அவரைத் தனியே பார்த்து எல்லாவற்றையும் கொட்டினாள். பட்டியல், துறைமுகம், தொண்ணூற்றேழு சதவீதம், கடைசியாக அந்தச் செய்தி. ஃபாதர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"என்னன்னு எழுதின?"

"எங்கன இருக்கன்னு, ஃபாதர்."

"அப்ப என்னம்மா? பைபிள்ல ஆண்டவர் மனுசனப் பாத்துக் கேட்ட முதல் கேள்வியே அதுதான. வசனத்துல சேந்ததுதான். மனசப் போட்டு அலட்டிக்காத."

எமிக்கு அப்படியே பாரம் இறங்கியது. கோயில் கேட்டுவரைக்கும் இறங்கியே இருந்தது. ரோட்டுக்கு வந்ததும்தான் யோசித்தாள். அவள் பொய் சொன்னது ஆண்டவரிடமா, ஜெபமாலையிடமா? ஃபாதர் தள்ளுபடி செய்தது யாருடைய கணக்கை? அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். எமியின் சாட்சியை ஃபாதரே சொன்னாராம். அவள் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்று அம்மா வந்து சொன்னாள்.

மறுநாளே குரூப்பைத் திறந்தாள். நாலரை மணி திரும்பியது. ஏழு மணிப் பதிவுகள் நின்றதால் சானலிலிருந்து ஆட்கள் கழன்றுகொண்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் மட்டும் கடைசிவரை இருந்தார். ஊடக மையத்து வேலை, நாலாயிரம் பேர் பின்தொடர்கிற வேறொரு கோயில் பங்குப் பையனுக்குப் போனது. மறைமாவட்டம் அக்காள்மடத்துக்கு ஒரு கேடயம் அனுப்பி வைத்தது. 'உறவில் சிறந்த டிஜிட்டல் பங்கு' என்று அதில் பொறித்திருந்தது. ஃபாதர் அதை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ரீகனை ஒருநாள் தவ்ஃபீக் கடை வாசலில் பார்த்தாள்.

"ஏலே, அந்த மெசேஜ அழிச்சிரு."

"மாட்டேன்க்கா. மூணு வருசத்துல நீங்க எனக்கு அனுப்புனது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நூத்தி நாப்பத்தி மூணு பேருக்கு."

"திமிரா? ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வா, நேர்லயே பேசலாம்."

"வாரேன்க்கா" என்றான். வரவில்லை. அடுத்த வாரமும் வாரேன் என்றான். மூன்றாவது வாரம் வந்து, பெஞ்சில் சாய்ந்து தூங்கினான். தூங்குகிறவர்கள் இப்போது இரண்டு பேர். எமி வருகைப் பதிவேட்டில் பத்து என்று எழுதினாள்.

எமி இப்போது ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். குரூப்பை இன்னும் அவள்தான் நடத்துகிறாள். கரைப் பட்டியலை அங்கிருந்தே போனில் அம்மாவுக்கு வாசிக்கிறாள், அம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் வாசிக்கிறாள். சனிக்கிழமைதோறும் ஊருக்கு வருகிறாள். வந்தால் பின் தெரு வழியாகப் போவதில்லை.

காரணம், ஜெபமாலை கேட்ட ஒன்று. படகு வந்த அன்றைக்கே கேட்டாள்.

"அன்னைக்குப் போட்ட வசனத்த ஒரு தாள்ல எழுதித் தா ஆத்தா. எனக்குப் படிக்கத் தெரியாது. மாதா பக்கத்துல மாட்டி வைக்கிறேன்."

"எழுதித் தாரேன் அத்தை."

ஏதாவது ஒரு வசனத்தை எழுதிக் கொடுத்துவிடலாம். கடலும் காற்றும் வருகிற வசனங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஜெபமாலைக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை, ரீகனும் வாயைத் திறக்க மாட்டான். எமி நாலைந்து தடவை பேனாவை எடுத்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவளிடம் எதையும் எழுதிக் கொடுக்கலாம் என்கிற இடத்தில் கை நின்றுவிடுகிறது. உள்ளதை எழுதிக் கொடுக்கலாம் என்றும் ஒருநாள் உட்கார்ந்தாள். அந்தத் தாளை ஜெபமாலை யாரிடமாவது காட்டி வாசிக்கச் சொன்னால்? சீனி கேட்டுப் புருசனைக் கூப்பிட்ட அன்றிலிருந்து அவள் சுமக்கிறதற்கு இந்தத் தாள் என்ன செய்யும்? இறக்கிவைக்குமா, இன்னும் ஏற்றுமா? எமிக்குத் தெரியவில்லை. தெரியாததால் எழுதவில்லை. எழுதாததற்கு இது ஒரு நல்ல சாக்கு என்றும் அவளுக்குத் தெரியும்.

போன ஈஸ்டருக்கு, பாஸ்கா ஞாயிறன்று பூசை முடிந்து கூட்டத்தில் ஜெபமாலை கையைப் பிடித்துவிட்டாள்.

"என்னத்தா, வசனம் எங்க?"

"பரீட்சை நேரம் அத்தை. அடுத்த வாரம் கண்டிப்பா."

"பரவால்ல, மெதுவாத் தா. நான் கண்ணாடிச் சட்டம் வாங்கிட்டேன். சுத்திச் சிப்பி பதிச்சது, ராமேஸ்வரத்துல. ஆணியும் அடிச்சாச்சு. இப்பதைக்குச் சட்டத்த மட்டும் மாட்டி வச்சிருக்கேன்."

வீட்டுக்கு வருகிறவர்கள், என்ன இது, வெறும் சட்டத்தை மாட்டியிருக்கிறாய் என்று கேட்கிறார்களாம். எமி டீச்சர் எழுதித் தருவாள் என்று ஜெபமாலை சொல்கிறாளாம்.